கட்சிகளின் வினைவகையை ஆராயும் அவைகள்

தேர்தல் அண்மிவிட்டால் மாக் மண்டின் தொழிற்பேட்டையிலும் பட்டர்வொர்த் நகரத்து உணவுக்கடைகளிலும் கட்சிகளைப் பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. எவர் வெல்வார், எவர் தோற்பார், எவருக்கு எந்தத் தொகுதி கிடைக்கும் என்னும் வினாக்கள் நாள்தோறும் எழுகின்றன. ஆயினும், ஒரு கட்சி இவ்வேளையில் எதனைச் செய்தல் தகும், ஏன் செய்தல் வேண்டும், செய்தால் விளைவது யாது என்னும் வினாக்களை அமைதியாக எடுத்து, எதிர்க்கருத்தையும் கேட்டு, ஆராய்ந்து முடிவு காணும் கூட்டம் அரிதாகவே காணப்படுகிறது. முன்னது ஆரூடம், பின்னது ஆராய்ச்சி. அத்தகைய ஆராய்ச்சிக்கு இடந்தந்த அவைகள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு நலிந்தன, அவற்றை இனங்காண்பது எங்ஙனம் என்பவற்றை அறிவது பயனுடையதாகும்.

வினைவகை என்பது யாது?

இன்று செய்தித்தாள்களில் 'வியூகம்' என்ற சொல் மிகுதியாக வழங்குகிறது. அது படையின் அணிவகுப்பைக் குறிக்கும் வடசொல். அணிவகுப்பைத் தலைவன் ஒருவனே வகுப்பான். ஏனையோர் அதன்படி நிற்பர். ஆதலின் அச்சொல்லைக் கேட்ட அளவிலேயே, கட்சியின் போக்கை வகுப்பது தலைவர்க்கு மட்டுமே உரிய தொழில் என்றும், பொதுமக்கள் பார்த்து நிற்போரே என்றும் ஓர் எண்ணம் தோன்றிவிடுகிறது.

வள்ளுவர் இப்பொருளை வேறு வகையாகப் பகுத்தார். தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்களையும் 47 முதல் 50 வரை அடுத்தடுத்து வைத்தார். செய்யப்புகும் செயலால் வருவதும் போவதும் யாவை, நம்மிடத்தும் பிறரிடத்தும் உள்ள ஆற்றல் எவ்வளவு, இது அதற்கேற்ற வேளைதானா, ஏற்ற களந்தானா என்னும் நான்கு வினாக்களாக அவற்றைச் சுருக்கலாம். இவை அரசனுக்குக் கூறப்பட்டவை. குடியாட்சியில் அரசனது இடத்தில் வாக்காளன் இருக்கிறான். ஆகவே இந்நான்கு வினாக்களும் இன்று அவனுக்கு உரியவை. அவற்றைக் கூடியிருந்து ஆராய்வதற்கு அவை வேண்டும். அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு அதிகாரங்களை அவர் தனியே வகுத்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது.

மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரத்தில் சமயக்கணக்கர் பலரிடம் அவரவர் கொள்கையை மணிமேகலை கேட்டறிகிறாள். ஒவ்வொருவரும் தம் கொள்கையைத் தாமே எடுத்துரைக்கின்றனர். அவர்க்காகப் பிறர் திரித்துக் கூறவில்லை. அனைத்தையும் கேட்ட பின்னரே அவள் தன் வழியைத் தெளிகிறாள். அவையின் முதல் இலக்கணம் இதுவே.

ஜார்ஜ் டவுன் தந்த பாடம்

மலாயாவில் மக்கள் வாக்களித்த முதல் தேர்தல் நாடாளுமன்றத்துக்கு நடந்ததன்று, நகராட்சிக்கு நடந்ததாகும். 1951ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் ஜார்ஜ் டவுன் நகராட்சியின் ஒன்பது இடங்களுக்கு அது நடந்தது. அவற்றுள் ஆறினைப் பினாங்கு ராடிக்கல் கட்சி வென்றது. பின்னர்த் தொழிற்கட்சி வளர்ந்தது. 1957ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஜார்ஜ் டவுன் மாநகரத் தகுதி பெற்றபொழுது, அதன் முதல் மேயராக அமர்ந்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன் ஆவார். தமிழர் பெரும்பான்மையாக இல்லாத ஒரு நகரில், இன அடிப்படை இல்லாத ஒரு கட்சியின் வழியாக, ஒரு தமிழர் மேயராக அமர முடிந்தது என்பது கருதத்தக்கது.

நகராட்சித் தேர்தலால் விளைந்த நன்மை பதவி மட்டுமன்று. வட்டாரம் சிறியது, வேட்பாளர் அறிமுகமானவர், வினாக்களும் சாக்கடை, குடிநீர், சந்தை, வாடகை என்று கண்முன் நிற்பவை. இத்தகைய களத்தில் ஒரு கட்சிக் கிளையின் பதினைந்து இருபது உறுப்பினர் ஓர் இரவு கூடிப் பேசினால், அப்பேச்சு வேட்பாளர் தேர்விலோ அறிக்கையிலோ தன் பயனைக் காட்டும். தவறாகக் கணித்தால் அடுத்த தேர்தலில் அதுவும் வெளிப்படும். பேச்சுக்கு விளைவு உண்டு என்று அறிந்த இடத்தில் மனிதர் பொறுப்புடன் பேசுவர். விளைவில்லாத இடத்தில் வாய்க்கு வந்தபடி பேசுவர்.

அக்களம் நெடுநாள் நிலைக்கவில்லை. இந்தோனேசியாவின் எதிர்ப்புப் போராட்டக் காலத்தில், 1965ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. மறு ஆண்டு ஜார்ஜ் டவுன் மாநகர மன்றத்தின் பொறுப்புகளை மாநில அரசு ஏற்றுக்கொண்டது. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச ஆணையம் 1968ஆம் ஆண்டில் தன் அறிக்கையை முடித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2012ஆம் ஆண்டில் பினாங்குச் சட்டமன்றம் தன் அளவில் தேர்தலை மீட்கச் சட்டம் இயற்றியது. அதற்கு மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2014ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. மாக் மண்டின் அடங்கிய செபராங் பிறை 2019ஆம் ஆண்டில் மாநகரத் தகுதி பெற்றது. ஆயினும் அதன் மன்ற உறுப்பினரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மாநில அரசே நியமிக்கிறது.

போட்டியிடுவதா, விலகி நிற்பதா?

ஒரு கட்சி எதிர்நோக்கும் வினாக்களுள் அடிப்படையானது தேர்தலில் இறங்குவதா, விலகி நிற்பதா என்பது. இவ்வொரே வினாவை இரு கட்சிகள் எதிர்கொண்ட விதம் ஒப்பிட்டுக் காணத்தக்கது.

திராவிட முன்னேற்றக் கழகம் 1949ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னையில் தோன்றியது. 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அது போட்டியிடவில்லை. தன் கொள்கைக்கு உறுதி கூறியோரை ஆதரித்தது. தேர்தலில் நுழைவதா என்ற வினா அதன்பின் உள்ளேயே வளர்ந்தது. 1956ஆம் ஆண்டு மே மாதம் திருச்சியில் கூடிய மாநில மாநாட்டில் அவ்வினா வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. வந்திருந்தோர் தத்தம் விருப்பத்தைப் பெட்டியில் இட்டனர். போட்டியிட வேண்டும் என்றவை 56,942 வாக்குகள். வேண்டா என்றவை 4,203. மறு ஆண்டு கழகம் சட்டமன்றத்தில் 15 இடங்களைப் பெற்றது, 1962இல் 50, 1967இல் ஆட்சி.

நூற்றுக்குத் தொண்ணூற்று மூவர் ஒரு பக்கம் நின்ற வாக்கெடுப்பில் ஆராய்ச்சிக்கு இடமேது என்று ஒருவர் வினவலாம். தலைவரின் விருப்பம் எப்பக்கம் என்பதைத் தொண்டர் அறிந்தே வாக்களித்தனர் என்பதும் கூறத்தக்கதே. ஆயினும் இரண்டு உண்மைகள் எஞ்சுகின்றன. மாற்றுக் கருத்துடைய 4,203 பேர் எண்ணப்பட்டனர்; அவ்வெண் மறைக்கப்படாமல் வரலாற்றில் நிற்கிறது. மேலும், வாக்கெடுப்புக்கு முன் ஏழாண்டுகளாக ஊர்தோறும் மன்றங்களும் படிப்பகங்களும் இருந்தன. படித்தவர் ஏட்டை உரக்கப் படிக்க, படியாதவர் கேட்டு வினவும் பழக்கம் தேநீர்க்கடையிலும் முடிதிருத்தகத்திலும் வேரூன்றியிருந்தது. கருத்து வேற்றுமையும் அச்சில் வந்தது. 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாளைத் துக்க நாளாகப் பெரியார் அறிவித்தபொழுது, அண்ணா தம் மாறுபட்ட கருத்தைத் 'திராவிட நாடு' இதழிலேயே எழுதினார். ஒரே இயக்கத்தவர் இருவரின் மாறுபட்ட வாதங்களைப் படித்துத் தாமே எடைபோடும் பயிற்சி தொண்டர்க்குக் கிடைத்தது.

மற்றொன்று மலாயாத் தொழிற்கட்சி. ராக்யாட் கட்சியுடன் சேர்ந்து 1957ஆம் ஆண்டில் சோசலிச முன்னணியை அமைத்து, நகரத் தொழிலாளரையும் நாட்டுப்புற மலாய் மக்களையும் ஒன்றிணைக்க முயன்ற கட்சி அது. 1960களில் அதன் தலைவர் பலர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சிறைப்பட்டனர். 1969ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலை அக்கட்சி புறக்கணித்தது. அது எதிர்ப்பின் வெளிப்பாடு. அடக்குமுறையின் நடுவே எடுக்கப்பட்ட முடிவு. ஆனால் காலமும் களமும் காத்திருக்கவில்லை. அவ்வாண்டு பினாங்குச் சட்டமன்றத்தின் 24 இடங்களுள் 16ஐ, முந்திய ஆண்டில் தோன்றிய கெராக்கான் வென்றது. தொழிற்கட்சியின் பதிவு 1972ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. மேயர் பதவி வரை உயர்ந்த ஒரு கட்சி பதினைந்தே ஆண்டுகளில் மறைந்தது.

இவ்விரண்டையும் வைத்து, போட்டியிடுவதே எப்பொழுதும் அறிவு என்று முடிவு கட்டுவது தவறு. ஒரு கட்சி தன் முடிவைத் திறந்த அவையில் ஆராயும் உரிமையும் சூழலும் பெற்றிருந்தது. மற்றதன் அவையோ சிறையாலும் அச்சத்தாலும் சிதறியிருந்தது. அவை சிதறினால் முடிவின் தரமும் சிதறும் என்பதே இதனால் அறியப்படுவது.

நலிவும் புத்துயிரும்

உள்ளாட்சித் தேர்தல் மறைந்ததோடு வேறு கதவுகளும் அடைபட்டன. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் மாணவரைக் கட்சி அரசியலினின்றும் விலக்கி வைத்தன. அத்தடை 2012ஆம் ஆண்டில் தளர்ந்து, 2018ஆம் ஆண்டின் இறுதியில் செய்யப்பட்ட திருத்தத்தால் வளாகத்துக்குள்ளும் நீங்கியது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் படித்து வெளிவந்தோர் பலர், கட்சிகளின் போக்கை ஒழுங்காக ஆராயும் பயிற்சியைப் பல்கலைக்கழகத்தில் பெறவில்லை. அவருள் ஆசிரியரும் உளர்.

இக்காலத்தே பினாங்கில் ஒரு சிறு விளக்கு எரிந்தது. 1977ஆம் ஆண்டில் சந்திரா முசாபர் முதலிய சிலர் கூடி அலிரான் இயக்கத்தை அமைத்தனர். அது கட்சியன்று, பல இனத்தவரும் சேர்ந்து நாட்டு நடப்பை ஆராய்ந்து எழுதிய கூட்டம். அதன் மாத இதழ் ஆங்கிலத்தில் வந்தமையால் தமிழ் மட்டுமே அறிந்த தொழிலாளர்க்கு அது எட்டவில்லை என்ற குறை உண்டு. 1987ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்த கைதுகளில் சந்திரா முசாபரும் சிறைப்பட்டார். ஆயினும் இயக்கம் அழியவில்லை. ஆள் பெருக்கமில்லாவிடினும் ஒழுங்காகக் கூடுவதும் எழுதி வைப்பதும் ஓர் அவையை நிலைக்கச் செய்யும் என்பதற்கு அது சான்று.

வெளிநாட்டுச் சான்று ஒன்றும் உண்டு. 1936ஆம் ஆண்டில் விக்டர் கொலான்சு என்ற பதிப்பாளர் இங்கிலாந்தில் இடதுசாரி நூற்கழகத்தைத் தொடங்கினார். மாதம் ஒரு நூல் உறுப்பினர்க்கு வரும். ஊர்தோறும் அமைந்த வட்டங்களில் கூடி அதனை விவாதிப்பர். வெறுங்கையோடு கூடாமல் ஒரு நூலைப் படித்துவிட்டுக் கூடியதே அவ்வட்டங்களின் வலிமை.

மூன்று வழிகளும் ஓர் எடுத்துக்காட்டும்

நல்ல அவையில் ஒரு வினா எவ்வாறு ஆராயப்படும் என்பதற்கு மலேசியத் தமிழர் முன்னுள்ள வினாவையே எடுத்துக்கொள்ளலாம். நாட்டு மக்களுள் இந்தியர் ஏறக்குறைய ஏழு விழுக்காட்டினர். அவர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றும் இல்லை. இந்நிலையில் செல்லத்தக்க வழி யாது?

முதல் வழி, தனிக் கட்சியாக நின்று பெருங்கூட்டணியில் சேர்தல். 1946ஆம் ஆண்டில் ஜான் திவியைத் தலைவராகக் கொண்டு தோன்றிய ம.இ.கா., முதலில் டத்தோ ஓன் அமைத்த மலாயா சுதந்திரக் கட்சியை ஆதரித்துப் பார்த்தது. 1952ஆம் ஆண்டு கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் அம்னோவும் ம.சீ.ச.வும் சேர்ந்து 12இல் 9 இடங்களை வென்றன. சுதந்திரக் கட்சிக்கு இரண்டே கிட்டின. வலி எங்குள்ளது என்பது தெளிவாயிற்று. 1954ஆம் ஆண்டில் ம.இ.கா. கூட்டணியில் இணைந்தது. மறு ஆண்டுப் பொதுத்தேர்தலில் அக்கூட்டணி 52இல் 51 இடங்களைப் பெற்றது. இவ்வழியின் வலிமை, ஆளும் அணியில் உறுதியான ஓர் இடம். இதன் குறை, பிறர் வாக்கை நம்பியே அவ்விடம் நிற்பது. 2008ஆம் ஆண்டில் அவ்வாக்கும் தமிழர் வாக்கும் ஒருங்கே விலகியபொழுது, போட்டியிட்ட ஒன்பது நாடாளுமன்றத் தொகுதிகளுள் மூன்றே எஞ்சின.

இரண்டாம் வழி, பல இனக் கட்சிக்குள் இருந்து உயர்தல். 1957ஆம் ஆண்டு மேயர் இராமநாதனும், 2008ஆம் ஆண்டில் பினாங்கின் இரண்டாம் துணை முதலமைச்சரான பேராசிரியர் பி. இராமசாமியும் இவ்வழியின் பயனைக் காட்டுவர். இதன் குறை, வேட்பாளரை நிறுத்துவதும் விலக்குவதும் கட்சித் தலைமையின் கையில் இருப்பது. 2023ஆம் ஆண்டு மாநிலத் தேர்தலில் பேராசிரியர்க்கு இடம் தரப்படவில்லை. அவர் கட்சியை விட்டு விலகினார்.

மூன்றாம் வழி, கட்சிகளுக்கு வெளியே நின்று அழுத்தந்தருதல். 2007ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூரில் இண்டிராப் நடத்திய பேரணி, அடுத்த தேர்தலின் போக்கையே மாற்றிய காரணங்களுள் ஒன்றாயிற்று. ஆயினும் தேர்தலுக்குப் பின் அவ்வாற்றலை எங்கே நிறுத்துவது என்பதில் இவ்வழி இடர்ப்படுகிறது. 2013ஆம் ஆண்டில் அதன் தலைவர் வேதமூர்த்தி ஆளுங்கூட்டணியுடன் உடன்படிக்கை செய்து துணையமைச்சரானார். மறு ஆண்டே பதவி விலகினார்.

இம்மூன்றனுள் எது சிறந்தது என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. முதல் வழியை ஆதரிப்பவர் அதன் குறையையும், மூன்றாம் வழியை வெறுப்பவர் அதன் பயனையும் தம் வாயாலேயே எடுத்துரைக்கும் அவையே நல்லவை என்பதைக் காட்டுவதே நோக்கம். தம் கட்சியின் தோல்விக்குக் காரணம் கேட்டால் மாற்றாரின் சூழ்ச்சி ஒன்றையே கூறும் கூட்டத்தில் கற்பதற்கு ஒன்றுமில்லை.

அவையை இனங்காணும் முறை

நல்ல அவைக்கு நான்கு அடையாளங்கள் கூறலாம். முதலாவது, அங்குப் பேசப்படும் பொருள் ஒரு தெளிவான வினாவாக இருக்கும். ஆளைப் பற்றிய புகழாகவோ இகழாகவோ இராது. இரண்டாவது, எண்ணும் ஆண்டும் கேட்கப்படும். வாக்கு எவ்வளவு, எத்தொகுதி, எப்பொழுது என்று வினவினால் எவரும் சினவார். மூன்றாவது, எதிர்க்கருத்தைக் கூறுவோர் அடுத்த கூட்டத்துக்கும் அழைக்கப்படுவர். நான்காவது, கணித்தவை குறித்து வைக்கப்படும்; தேர்தலுக்குப் பின் அக்குறிப்பு எடுத்துப் படிக்கப்படும். இந்நான்காவது பெரும்பாலும் மறக்கப்படுகிறது. தாம் கூறியது பொய்த்தது ஏன் என்று ஆராயாத கூட்டம், அதே பிழையை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிதாகச் செய்யும்.

ஆட்பெருக்கம் இதற்கு வேண்டுவதன்று. நூறு பேர் கூடும் இடத்தில் உரத்த குரல் வெல்லும். பத்துப் பேர் கூடும் இடத்தில் தயங்குபவரும் வாய் திறப்பர். பெண்களும் இளைஞரும் பேசுவர். மாதம் ஒருமுறை, ஒரே வினா, முன்னரே படித்து வர ஒரு கட்டுரை, குறிப்பெழுத ஒருவர் என்ற அளவே போதுமானது. கட்சி உறுப்பினர் வரலாம். ஆனால் அவைத்தலைமை ஒரே கட்சியினரிடம் நிலைத்துவிடுதல் ஆகாது.

ஆசிரியர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. பள்ளியில் கட்சி அரசியல் புகலாகாது, அது முறையே. ஆயினும் வாதம் செய்யும் முறை பள்ளிக்கு உரியது. 2019ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஏற்ற அரசியலமைப்புத் திருத்தம் 2021ஆம் ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 18 வயது நிரம்பியோர் தாமே வாக்காளராகப் பதிவாகின்றனர். பள்ளியை விட்ட மறு ஆண்டே ஒருவர் வாக்குச்சாவடியில் நிற்கக்கூடும். பட்டிமன்றங்களில் மாணவர்க்குத் தம் அணியை மட்டும் வெல்லச் செய்யும் பயிற்சி மிகுதியாகத் தரப்படுகிறது. ஒரே மாணவர் முதலில் ஒரு பக்கமும், அடுத்த வாரம் அதன் மறுபக்கமும் பேசுமாறு செய்தால், மாற்றார் கூற்றிலும் உண்மை இருக்கலாம் என்ற உணர்வு அவருக்குத் தானே வரும். அத்தகைய நால்வர் பின்னாளில் ஓர் ஊரில் இருந்தால், அவ்வூரில் ஓர் அவை அமைவது அரிதன்று.